விடுதியா, வெளியே வீடா? காலாப்பட்டுக்குப் படிக்க வரும் பெண்ணின் அம்மாவுக்கு

விருத்தாசலத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குக் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டது. விடுதியிலும் அறை கிடைத்திருக்கிறது. ஆனால் கூடச் சேர்ந்த மூன்று பெண்கள் காலாப்பட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, "ஆளுக்கு மூவாயிரம்தான் வரும், நாமே சமைச்சுக்கலாம், வா" என்று இவளையும் இழுக்கிறார்களாம். விடலாமா, வேண்டாமா?

அக்கா, நான் 2010-இல் திட்டக்குடியிலிருந்து இதே வளாகத்துக்குப் பெட்டியோடு வந்து இறங்கியவன். ஒரு வருஷம் விடுதி. அப்புறம் ஆராய்ச்சி முடியும் வரை வெளியே மூன்று வீடுகள். இப்போது லாஸ்பேட்டையில் சொந்த வீடு. அதன் மாடிப் போர்ஷனை மாணவர்களுக்குத்தான் விடுகிறோம், வசூல் என் அம்மா கையில். வாடகைக்காரன் புலம்பலும் தெரியும், வீட்டுக்காரம்மா புலம்பல் தினமும் காதில் விழுகிறது.

என் பதில் இதுதான்: கிடைத்த அறையை விடாதீர்கள். முதல் வருஷம் உள்ளேயே இருக்கட்டும். இரண்டாம் வருஷம் வெளியே போக ஆசைப்பட்டால் தாராளமாகப் போகட்டும். "பொம்பளப் பிள்ளை, அதனால்" என்று நான் சொல்லவில்லை. என் தம்பி வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். வெளியே வீடெடுப்பது கூடுதலாக ஒரு வேலை பார்ப்பது மாதிரி. ஊரும் புதுசு, பாடமும் புதுசு, கூட இருப்பவர்களும் புதுசு என்றிருக்கும் ஆறு மாதத்தில் அந்த வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அந்த மூவாயிரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வாடகை பன்னிரண்டாயிரம், நாலு பேர், ஆளுக்கு மூவாயிரம். கணக்கு சரிதான். ஆனால் அட்வான்ஸ் ஐந்து மாதம் கேட்டால் அறுபதாயிரம். அதில் உங்கள் பங்கு பதினைந்தாயிரம், வீட்டைக் காலி செய்யும் நாள் வரை அது உங்கள் பணம் இல்லை. காலி வீடென்றால் உள்ளே இருப்பது ஃபேனும் டியூப்லைட்டும்தான். பாய், மெத்தை, பக்கெட், அடுப்பு, குக்கர், விளக்குமாறு முதற்கொண்டு வாங்க வேண்டும். அதற்கு மேல் கரண்ட், கேன் தண்ணி, நெட், பஸ். வகுப்பு நடப்பது பத்து மாதம் என்றால் வாடகை பன்னிரண்டு மாதம். மே மாதம் மகள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், இங்கே பூட்டிய வீட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். நாலு பேரில் ஒருத்தி பி.எட். கிடைத்தோ, கல்யாணம் நிச்சயமாகியோ நடுவில் போய்விட்டால், மறு மாதமே அந்த மூவாயிரம் என்பது நாலாயிரமாக ஏறிவிடும். நான் பார்த்த வரை, நாலு பேராகத் தொடங்கிய வீடு இரண்டு வருஷமும் அதே நாலு பேரோடு இருந்ததே இல்லை.

சமையல் விஷயம் எனக்கே சிரிப்புதான். எங்கள் முதல் வீட்டில் சுவரில் அட்டவணை ஒட்டினோம்: திங்கள் இவன், செவ்வாய் அவன் என்று. ஆறு வாரம் ஓடியது. ஏழாவது வாரம் பாத்திரம் யார் கழுவுவது என்பதில் வந்த சண்டையில் இருவர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். மிச்ச வருஷம் முழுக்க பரோட்டா கடைதான். விடுதி மெஸ் சாம்பாரைத் திட்டாத மாணவன் இல்லை, நானும் திட்டினேன். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் தட்டை நீட்டினால் சோறு விழும் என்பதன் அருமை வெளியே போனபிறகுதான் தெரிந்தது. எப்படியும் சமைத்தே தீருவோம் என்றால் ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கச் சொல்லுங்கள். 'சோட்டு' என்று இந்தியன் ஆயில் விற்கிறது, முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதில் ஏற்றித் தரும் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவே வேண்டாம்.

இன்னொரு பணக் கணக்கும் உண்டு. மகள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதியானவள் என்றால், விடுதியில் இருப்பவருக்கு ஒரு தொகை, டே ஸ்காலருக்கு, அதாவது விடுதியில் தங்காமல் படிப்பவருக்கு, அதைவிடக் குறைந்த தொகை. தோழிகளோடு வீடெடுத்துத் தங்குவது அந்தக் கணக்கில் டே ஸ்காலர்தான். ஆராய்ச்சி மாணவர்களுக்கு நிலைமை வேறு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குபவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், விடுதி அறை இல்லையென்றால் வாடகைப் படி தனி. அவர்கள் வெளியே தங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து வருபவன், கல்யாணமானவன், ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டியவன், இவர்களுக்கெல்லாம் விடுதி சரிப்படாது.

அடுத்தது நம் பாண்டிக்கே உரிய விசித்திரம். வெளியூர்க்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை. காலாப்பட்டு புதுச்சேரி. அங்கிருந்து இ.சி.ஆர். என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் டவுனை நோக்கி வந்தால் பிள்ளைச்சாவடி, அதுவும் புதுச்சேரி. அதைத் தாண்டினால் பொம்மையார்பாளையம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, கோட்டக்குப்பம். இவையெல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அப்புறம் முத்தியால்பேட்டை வந்தால் மறுபடியும் புதுச்சேரி. ஒரே பஸ், அரை மணி நேரப் பயணம், இரண்டு தடவை எல்லை தாண்டுகிறீர்கள். ஜிப்மர் பக்கமும் இதே கதைதான்: கோரிமேட்டில் நின்றால் புதுச்சேரி, கொஞ்சம் நடந்தால் பட்டானூர், தமிழ்நாடு. புரோக்கர் எல்லாவற்றையும் சேர்த்து "பாண்டிதாங்க" என்பார்.

இதனால் என்ன ஆகும்? வீடு எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துச் சட்டம், அந்தப் பக்கத்துக் கரண்ட், அந்தப் பக்கத்துப் போலீஸ். கோட்டக்குப்பத்தில் இருந்தால் தமிழ்நாட்டு மின்வாரியம்: இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதலில் இவ்வளவு யூனிட் இலவசம் என்று உண்டு. ஆனால் அந்த இலவசம் ஓர் இணைப்புக்கு. ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓட்டும் வீட்டுக்காரர் உங்களுக்கு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே ஒரு விலை வைப்பார். பிள்ளைச்சாவடியில் என்றால் புதுச்சேரி மின்துறை, மாதா மாதம் பில். எந்தப் பக்கமானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "தனி மீட்டரா?" என்பது.

தமிழ்நாட்டுப் பக்கம் வாடகைதாரருக்கு 2017-இல் புதுச் சட்டம் வந்தது, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் விதியில் ஓர் ஓட்டை: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் எழுதியதுதான் செல்லும். ஐந்து மாதம், பத்து மாதம் என்று அச்சடித்த தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசிப் பயனில்லை. புதுச்சேரிப் பக்கம் இருப்பது 1969-ஆம் வருஷத்துக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது தனி. நாலு மாணவிகள் பதினைந்தாயிரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால் கையெழுத்துக்கு முன்னால் பேசுவதுதான் பேச்சு.

வீடு வேண்டாம், தனியார் லேடீஸ் ஹாஸ்டல் பார்க்கலாம் என்றால் அங்கும் எல்லைக் கணக்கு உண்டு. கோட்டக்குப்பத்திலோ கடலூரிலோ பெண்கள் விடுதி நடத்த தமிழ்நாட்டின் 2014-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். "லைசென்ஸ் காப்பி காட்டுங்க" என்று நீங்களே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஜி.எஸ்.டி. சேர்த்துப் பில் போட்டால் அதையும் கேளுங்கள். தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால், தலைக்கு மாதம் 20,000 ரூபாய் வரை உள்ள தங்கும் கட்டணத்துக்கு 2024 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. கிடையாது.

எல்லை பற்றி இன்னொன்று. பசங்களுக்குச் சொல்வது, உங்கள் மகளுக்கு அவசியமில்லை. முத்தியால்பேட்டையில் வாங்கின பாட்டிலோடு கோட்டக்குப்பம் வீட்டுக்கு நடந்து வந்தால், தமிழ்நாட்டுப் போலீஸ் பார்வையில் அது மதுக்கடத்தல். என்னோடு இருந்த ஒருத்தன் பிறந்தநாளுக்கு வாங்கிவந்து, ஸ்டேஷன் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் ஹாலையும் பால்கனியையும்தான் காட்டுவார். "இங்கேருந்து கடல் தெரியும்" என்பார். தெரியும்தான். அந்தக் கடல் வீட்டுக்குள்ளும் இருக்கும். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணிதான். குளித்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி கையோடு வரும். அப்புறம் ஃபேனை அண்ணாந்து பாருங்கள். இறக்கை ஓரம் செம்பழுப்பாக அரித்திருந்தால் மகளின் லேப்டாப்பும் அந்தக் காற்றில்தான் இரண்டு வருஷம் வாழப்போகிறது. தரைத்தளம் என்றால் சுவரின் கீழ்ப்பகுதியைக் கையால் தடவுங்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு மாதிரி கொப்பளம் கட்டியிருந்தால், அதுவரை மழைத் தண்ணி வந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர், ராணுவம் வந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தது. எனக்கு என் முதல் வெளி வீட்டு நினைவு தானே புயல்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை அடித்தது. ப்ராஜெக்ட் வேலை இருக்கிறதென்று ஊருக்குப் போகாமல் பிள்ளைச்சாவடி வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். கரண்ட் ஒன்பது நாள் வரவில்லை. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் கக்கூசுக்கும் தண்ணி இல்லை. தெருமுனை அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். செல்போனை சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கெஞ்சினோம். விடுதியில் இருந்தால் கஷ்டமே இருந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பது வேறு யாருடைய பொறுப்பாகவோ இருந்திருக்கும்.

வெளியே இருப்பதன் இன்னொரு பெரிய செலவு இ.சி.ஆர். அதைப் பணமாகக் கணக்குப் போட முடியாது. வாடகை மலிவு என்று டவுன் பக்கம் தள்ளிப் போகப் போகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். டவுன் பஸ் இருக்கிறது, பல்கலைக்கழகப் பஸ் இருக்கிறது. ஆனால் மூன்றாவது மாதமே "அம்மா, ஒரு ஸ்கூட்டி" என்று போன் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறில் சென்னைக் கார்கள் அந்தச் சாலையில் வரும் வேகத்தைப் பார்த்தவன் நான். விடுதிப் பெண் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்தில் இருட்டும் வரை இருந்து படித்துவிட்டு அறைக்கு நடந்தே போய்விடுவாள். வெளி வீட்டுப் பெண் ஆறு மணிக்கே பஸ்ஸை நினைத்துப் பையைக் கட்டுவாள். மார்க்கில் இது தெரியும். வெளியேதான் என்று முடிவானால், ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் வளாக வாசலுக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, வெளியே போனதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவைச் சாத்தினால் யாரும் தட்ட மாட்டார்கள். பக்கத்து அறைப் பாட்டு கிடையாது. உடம்பு சரியில்லாத அன்று ரசம் வைத்துக் குடிக்கலாம். நீங்கள் விருத்தாசலத்திலிருந்து ஒரு தூக்கு நிறையக் குழம்போடு வந்தால் இரண்டு நாள் கூடவே தங்கலாம், விடுதியில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். வாடகை கட்டி, கரண்ட் பில் பிரித்து, பிளம்பரோடு பேரம் பேசி, இருபத்திரண்டு வயதில் நான் கற்றதெல்லாம் அந்த வீடுகளில்தான். தனியாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற பிள்ளைகளுக்கு, போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு, இரண்டு பேர் தங்கும் அமைதியான மாடி வீடு வரம்தான்.

வீட்டுக்காரர்கள் எப்படி என்று கேட்டால், எங்கள் அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு வாடகை இரண்டு நாள் பிந்தினால் கோபமில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு டேங்க் வழிய வழியத் தூங்கினால் தெருவே எழுந்துவிடும். காலையில் பால் வாங்கப் போகும்போது மாடிப்படியில் செருப்பை எண்ணுவார். மூன்று பேருக்குப் பேசிய வீட்டில் ஏழு ஜோடி இருந்தால், "எத்தினி பேரு தம்பி மேல இருக்கீங்க?" என்று அன்றைக்கே கேள்வி வரும். இது நியாயமான வகை.

நியாயமில்லாத வகையும் இருக்கிறது. எங்கள் இரண்டாவது வீட்டில், நாங்கள் கேரளத்து நண்பனையும் சேர்த்து நாலு பேர், வீட்டுக்காரர் முதல் நாளே "சைவமா?" என்று ஆரம்பித்து, "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு" என்று சுற்றி வளைத்து வந்து நின்ற இடம் சாதி. மாணவர்களுக்கு வீடு தரும் எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் கேட்பவர்கள் குறைவும் இல்லை. வடகிழக்குப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் எங்களைவிட நிறையக் கதவுகளைத் தட்டினார்கள். விடுதியில் அறை எண் கொடுப்பவர் இதைக் கேட்பதில்லை. விடுதிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே. அதே வீட்டுக்காரர்தான், காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வரும்போதே சுவர் அப்படித்தான் இருந்தது, நிரூபிக்க ஒரு போட்டோ இல்லை. இப்போது நான் மாணவர்களுக்குச் சொல்வது: சாவி வாங்கிய அன்றே சாமான் ஏற்றும் முன் வீடு முழுக்க வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இருந்துவிடும். என் வீட்டு மாடிக்கு வருபவர்களிடமும் இதையே சொல்கிறேன், அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கடற்கரையை ஒட்டிய வீடென்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால், மாணவர்கள் மாதம் தரும் பணம் சில வார இறுதிகளிலேயே வந்துவிடும். டிசம்பர் நெருங்கும்போது "பையன் துபாயிலேருந்து வர்றான்" என்று சொல்லிக் காலி செய்யச் சொல்வார்கள். எத்தனை மாத நோட்டீஸ் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரும் இருக்கட்டும். ஒருத்தி பெயரில் மட்டும் எழுதினால், மற்ற மூவரும் கைவிரித்த அன்று முழு வாடகைக்கும் அவள்தான் பொறுப்பு. அந்த ஒருத்தியாக உங்கள் மகள் இருக்க வேண்டாம்.

விடுதியில் சீனியர் தொல்லை என்ற பயம் சில பெற்றோருக்கு இருக்கும். ராகிங் வெளி வீட்டிலும் நடக்கும், வெளியே நடந்தாலும் யு.ஜி.சி.யின் 2009 விதிகள் அதற்கும் பொருந்தும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண்ணை மகளின் போனில் பதிந்து வைத்துவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: விடுதிக் கட்டணத்துக்கான கடைசித் தேதியைப் பார்த்து, அதற்குள் கட்டிவிடுங்கள். அந்த மூன்று பெண்களோடு முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சனி ஞாயிறு அங்கே போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்த மறுநாள் அந்த வீட்டைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்: மாடிப்படியில் எத்தனை ஜோடிச் செருப்பு இருக்கிறது, தெருவில் தண்ணி வடிந்ததா, பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று. ஜனவரியில் அவளே உங்களுக்குப் போன் செய்து சொல்லட்டும், அடுத்த வருஷம் எங்கே தங்குவதென்று.